ஆறாவது வாரத்தில் வந்த முட்டி வலி: புதிதாக ஓடத் தொடங்கிய ஓர் ஆசிரியையின் நிகழ்வு ஆய்வு

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஜூலை மாதம் ஓடத் தொடங்கிய 38 வயது ஆசிரியை ஒருவர், செப்டம்பர் நடுவில் என் சிகிச்சை அறைக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மூட்டு தேஞ்சு போச்சுங்களா, மேடம்?" என்பதுதான். கையில் எக்ஸ்ரே உறை இருந்தது. வலது முட்டியில் இறுக்கமான முட்டி உறை அணிந்திருந்தார். இயன்முறை மருத்துவராக நான் பார்க்கும் புதிய ஓட்டக்காரர்களில் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள். இவருடைய வலி தேய்மானத்தால் வந்ததல்ல என்பதைக் கண்டறிய எனக்கு அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. அதை அவர் நம்புவதற்கு ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்களில் நடந்ததுதான் இந்நிகழ்வில் எழுதத் தகுந்தது என்று கருதுவதால், அவருடைய ஒப்புதலுடன், அவரை இன்னாரென அறிய இயலாதவாறு இதைப் பதிவு செய்கிறேன்.

வலிக்கு முந்தைய ஆறு வாரங்கள்

அவர் பொழுதுபோக்காக ஓட வந்தவர் அல்லர். ஆண்டின் தொடக்கத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரையிலான அளவு சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை எனக் கொள்ளப்படுகிறது. அவருடைய தாயாருக்கோ சர்க்கரை நோய் ஏற்கெனவே இருந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னதால், ஐந்து மாதங்கள் தினமும் காலையில் ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று, அதாவது ஏறத்தாழ இரண்டரை கி.மீ., நடந்து வந்தார். அங்கே வழக்கமாக ஓடும் ஒரு குழுவினர் அவரையும் சேர்த்துக்கொண்டு, டிசம்பரில் நடக்கவிருந்த 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள்.

அவருடைய கைக்கடிகாரத்தில் பதிவாகியிருந்த தூரங்களை நாங்கள் இருவரும் சேர்ந்து தாளில் எழுதிப் பார்த்தோம். முதல் வாரம் 6 கி.மீ., இரண்டாம் வாரம் 7.5, மூன்றாம் வாரம் 10, நான்காம் வாரம் 15, ஐந்தாம் வாரம் 22.5. ஆறாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை குழுவோடு நான்கு சுற்றுகளை ஒரே மூச்சில் முடிக்க முயன்றபோது, மூன்றாம் சுற்றில் வலது முட்டிச் சில்லைச் சுற்றி மந்தமான வலி தொடங்கியிருக்கிறது. கி.மீ.க்கு 7 நிமிடம் என்ற வேகம் குழுவின் வேகமே தவிர அவருடையதன்று. அந்த வேகத்தில் தம்மால் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடிந்ததில்லை என்று அவரே சொன்னார்.

தாளில் அந்த ஐந்து எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்ததும் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். மூச்சு வாங்குவது வாரத்துக்கு வாரம் குறைந்து வந்ததால், உடம்பு முழுவதும் தயாராகிவிட்டதாக அவர் நினைத்திருந்தார். புதிய ஓட்டக்காரர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே புதிய உழைப்புக்குப் பழகிவிடுகின்றன. தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவை பழகுவதற்கு மாதங்கள் ஆகும். மூச்சு அனுமதி தந்துவிட்ட தூரத்துக்கு முட்டி இன்னும் அனுமதி தந்திருக்கவில்லை.

வலி வந்தபின் அவர் செய்தவை

ஓட்டத்தை முழுவதுமாக நிறுத்தினார். தைலம் தேய்த்தார், முட்டி உறை வாங்கினார், விலை அதிகமான புது ஷூ ஒன்றும் வாங்கினார். "இந்த வயசுல ஓட்டம் எதுக்கும்மா, மூட்டு தேஞ்சு போயிரும்" என்று மாமியார் அன்போடுதான் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் அவர் மனத்தில் ஆழமாகத் தைத்துவிட்டது. அவர் சென்று பார்த்த ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, படத்தில் குறை எதுவும் இல்லாதபோதும், "லேசாகத் தேய்மானம் ஆரம்பிக்கும் வயது, இனி ஓட வேண்டாம்" என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்று வார ஓய்வில் வலி அடங்கியது. குணமாகிவிட்டதென்று நம்பி, செப்டம்பர் முதல் வாரத்தில் பழைய வேகத்திலேயே 5 கி.மீ. ஓடினார். மறுநாள் காலை பள்ளிப் படிகளில் இறங்கும்போது வலி முன்னைவிடக் கூடியிருந்தது. இதில் வியப்பில்லை. ஓய்வு எரிச்சலைத் தணிக்குமே தவிர முட்டியின் தாங்குதிறனைக் கூட்டாது. மூன்று வாரத்தில் தொடைத் தசை சற்று வலுவிழந்திருக்கும் என்பதால், தாங்குதிறன் முன்பைவிடக் கீழிறங்கியே இருந்திருக்கும். ஆனால் அவரோ, "ஓய்வெடுத்தும் போகாத வலி என்றால் அது தேய்மானமாகத்தான் இருக்கும்" என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

பரிசோதனை

முட்டியில் வீக்கம் இல்லை, சூடு இல்லை, மடக்கி நீட்டுவதில் தடை இல்லை. முட்டி பூட்டிக்கொண்டதோ, நடக்கும்போது நழுவி வாங்கியதோ ஒருபோதும் இல்லை. விரலால் ஓரிடத்தைக் காட்டச் சொன்னபோது, உள்ளங்கையைச் சில்லின் மேல் வைத்து வட்டமாகத் தடவிக் காட்டினார். சில்லுக்குப் பின்புறமும் சுற்றிலும் எழும் வலியை நோயாளிகள் பெரும்பாலும் இப்படித்தான் காட்டுவார்கள். பாதி உட்கார்ந்து எழும்போது பத்துக்கு ஐந்து அளவில் வலி வந்தது. இந்த வகை வலியை உறுதிசெய்ய உதவும் சோதனைகளில் மிகவும் பயனுள்ளது அதுவே. படியிலிருந்து ஒற்றைக் காலில் மெல்ல இறங்கச் சொன்னபோதும் அதே வலி வந்தது. கூடவே தொடை உள்நோக்கிச் சாய்ந்தது.

முட்டியின் வெளிப்புறத்தில் அழுத்தியபோது வலிக்கவில்லை. ஆகவே ஓட்டக்காரர்களுக்கு அடிக்கடி வரும் வெளித்தொடைப் பட்டை வலி இதுவன்று. சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாணிலும், மூட்டின் இடைக்கோட்டிலும் வலி இல்லை. இடுப்பு மூட்டைச் சுழற்றியும் பார்த்தேன். முட்டி வலி என்று வருபவரின் இடுப்பைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பது எனக்குப் பழைய பாடம். இடுப்பில் உள்ள கோளாறு சில சமயம் முட்டியில்தான் வலியாக வெளிப்படும். இவருக்கு இடுப்பில் குறையில்லை. நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழும் சோதனையில் இடக்காலால் 8 முறையும் வலக்காலால் 3 முறையும் எழ முடிந்தது. வலது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்துவது 9 முறையோடு நின்றுவிட்டது.

கீழே விழுந்து சில மணி நேரத்தில் முட்டி வீங்கியிருந்தாலோ, நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, முட்டி பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தாலோ, கெண்டைக்கால் வீங்கியிருந்தாலோ, எலும்பில் விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தாலோ இங்கே எழுதியிருக்கும் வழி பொருந்தாது; அவர்கள் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவருக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

வலிப்பது எது

முட்டிச் சில்லு, தொடை எலும்பின் கீழ்முனையிலுள்ள பள்ளத்தில் வழுக்கிச் செல்லும் சிறிய எலும்பு. முன்தொடைத் தசை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது தொடை எலும்போடு அழுந்துகிறது. அந்த அழுத்தம் நடக்கும்போது ஏறத்தாழ உடல் எடையின் அளவும், படிகளில் சுமார் மூன்று மடங்கும், ஓடும்போது சுமார் ஐந்து மடங்கும் இருக்கும். இந்த எண்களைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. முட்டி அதற்காகவே அமைந்த மூட்டு, பழக்கினால் இதைவிடக் கூடுதலாகவும் தாங்கும். குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது, இரத்தக் குழாயும் கிடையாது. அழுந்தி விரியும்போது மூட்டுநீரை உறிஞ்சித்தான் அது ஊட்டம் பெறுகிறது. நரம்பு இல்லாததால் வலி அதிலிருந்து நேரடியாக எழ முடியாது. அதன் அடியிலுள்ள எலும்பு, சில்லின் கீழேயுள்ள கொழுப்புத் திசு, மூட்டின் உட்சவ்வு ஆகியவை தாங்கிப் பழகாத சுமையால் எரிச்சலடைவதே வலிக்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

கி.மீ.க்கு 7 நிமிடம், நிமிடத்துக்குச் சுமார் 156 காலடி என்று கணக்கிட்டால், 5 கி.மீ. ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 2,700 முறை தரையில் ஊன்றுகிறது. வாரத்துக்கு 6 கி.மீ. என்பது நான்கே வாரத்தில் 22.5 ஆனபோது, அந்த முட்டி எதிர்கொண்ட அழுத்தங்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ நான்கு மடங்கானது. அவர் கணித ஆசிரியை. தேய்மானம் பற்றி நான் சொன்ன விளக்கத்தைவிட இந்தப் பெருக்கல்தான் அவருக்கு முதலில் புரிந்தது.

ஓடினால் மூட்டு தேயும் என்ற அச்சத்துக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே வாழ்பவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் இடுப்பிலோ முட்டியிலோ மூட்டுத் தேய்மானம் காணப்பட்டது. போட்டி ஓட்டக்காரர்களிடம் அது 13.3 சதவீதம். ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று இதை வைத்தே அடித்துச் சொல்லிவிட முடியாது. மூட்டு நலமாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் ரேஸ்கோர்ஸைச் சுற்றுபவர் அதனால் தம் முட்டியைத் தேய்த்துக்கொள்கிறார் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

சிகிச்சைத் திட்டமும் என் முதல் தவறும்

முதல் நாளில் நான் ஏழு பயிற்சிகள் எழுதிக் கொடுத்தேன். காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, எட்டரைக்குப் பள்ளியில் நிற்க வேண்டிய ஒருவருக்கு ஏழு பயிற்சிகள் என்பது செய்ய முடியாத திட்டம். மூன்று நாள் செய்துவிட்டு விட்டுவிட்டார். அடுத்த வாரம் என்னிடம் வரவே கூச்சப்பட்டிருக்கிறார். பிழை என்னுடையது. மூன்றாகக் குறைத்தேன்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது (முதலில் இரு காலில், பிறகு ஒற்றைக் காலில்), ஒருக்களித்துப் படுத்து மேற்காலைத் தூக்கிப் பிட்டத்தின் பக்கத் தசையை வலுவாக்குவது, படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்துவது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம். இடுப்புத் தசை, முட்டித் தசை இரண்டுக்கும் சேர்த்துப் பயிற்சி தருவதே இவ்வலிக்கு நல்ல பலன் தருகிறது என்பதில் இத்துறை வல்லுநர்களிடையே இன்று கருத்து வேறுபாடு குறைவு. சில்லின் மேல் பட்டை ஒட்டுவதைப் பள்ளிப் படிகளுக்காக முதல் மூன்று வாரங்கள் மட்டும் செய்தோம். அது வலியை அப்போதைக்குத் தணிக்கும், அவ்வளவே.

ஓட்டத்தை நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு கி.மீ.யை 8 நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஓடக் கூடாது, அதாவது பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். வலியைப் பத்துக்கு எத்தனை என்று அவரே மதிப்பிட வேண்டும். ஸ்வீடனின் ரோலண்ட் தோமே 1997-இல் வெளியிட்ட அளவுமுறையில் இரண்டு வரை பாதுகாப்பானது, ஐந்து வரை ஏற்கத்தக்கது. இவருடைய அச்சத்தை மனத்தில் கொண்டு நான் மூன்றை எல்லையாக வைத்தேன். அதைவிட முக்கியமான நிபந்தனை, மறுநாள் காலைக்குள் வலி பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும் என்பது. ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடக் கூடாது என்றும் சொன்னேன். வலியை மறைத்துவிட்டால் அளப்பதற்கு ஒன்றும் இராது. வியர்த்து நீர் குறைந்த உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியைப் பலர் வேதவாக்காகக் கொள்கிறார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிய ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 13 வாரங்களில் மெல்லக் கூட்டியவர்களுக்கும் 8 வாரங்களில் கூட்டியவர்களுக்கும் காயம் ஏறத்தாழ ஒரே அளவில், ஐந்தில் ஒருவருக்கு, ஏற்பட்டது. ஆகவே நான் சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை முட்டி சொன்ன விடையைக் கொண்டே அடுத்த படியை முடிவு செய்தோம்.

காலடி எண்ணிக்கையையும் சற்று மாற்றினோம். ஓட்டப்பொறியில் 8 நிமிட வேகத்தில் அவர் நிமிடத்துக்கு 154 காலடி வைத்தார். சீரான தாள ஒலி தரும் மெட்ரோனோமுக்கேற்ப அதை 164 ஆக்கினோம். வேகத்தை மாற்றாமல் காலடியை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் அடி குறுகி முட்டியின் மேல் சுமை குறைகிறது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹைடர்ஷைட் குழுவினர் 2011-இல் காட்டினார்கள். ஆனால் 2018-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சில்லு வலியுள்ள 69 ஓட்டக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு வலிக்கேற்பச் சுமையை அளந்து ஓடக் கற்பித்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதோடு பயிற்சிகளும், மூன்றாம் பிரிவினருக்குப் பயிற்சிகளுக்குப் பதிலாக ஓட்டமுறை மாற்றமும் தந்தார்கள். மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். எனவே நான் செய்தவற்றுள் எது முதன்மையாக உதவியது என்று கேட்டால், சுமையை அளந்ததுதான் என்றே சொல்வேன். பயிற்சிகளை நான் சேர்த்ததற்குக் காரணம், ஓட்டத்துக்கு வெளியேயும் இவருடைய முட்டிக்கு வேலை அதிகம் என்பது.

நாட்குறிப்பு காட்டியது

தினமும் காலையில் வலியின் அளவையும், முந்தைய நாள் செய்த வேலைகளையும் ஒரு வரியில் எழுதி வரச் சொல்லியிருந்தேன். மூன்றாம் வார முடிவில் அதைப் புரட்டியபோது, வலி அதிகமாக இருந்த நான்கு காலைகளில் மூன்று, ஓடாத நாளுக்கு அடுத்த காலைகளாக இருந்தன. அந்த மூன்று நாள்களிலும் இரவில் விடைத்தாள் திருத்தியிருக்கிறார். தரையில் சம்மணமிட்டு இரண்டு மணி நேரம், நடுவில் எழாமல். முட்டி முழுவதும் மடங்கிய நிலையில் சில்லு நெடுநேரம் அழுந்திக் கிடப்பது, எரிச்சலடைந்த முட்டிக்கு ஓட்டத்தைவிடவும் ஒவ்வாமல் போகலாம். இரண்டாம் மாடி வகுப்புக்கு நாளொன்றுக்கு ஏழு முறை ஏறி இறங்குவதும் அதோடு சேர்ந்துகொண்டது. சாப்பாட்டு மேசையில் அமர்ந்து திருத்துவது, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கால் நீட்டுவது என்று மாற்றியதும் ஒரே வாரத்தில் காலை வலி நான்கிலிருந்து இரண்டாக இறங்கியது. தரையில் உட்காரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வலி தணிந்தபின் அதற்கும் மெல்ல மெல்லத் திரும்பினார்.

ஆறாம் வாரம், மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற நிலைக்கு வந்திருந்தபோது, கந்த சஷ்டியை ஒட்டிக் குடும்பத்தோடு மருதமலைக்குப் போய்ப் படிகளிலேயே ஏறி, படிகளிலேயே இறங்கினார். மறுநாள் வலி ஆறு. எல்லாம் முதலிலிருந்து தொடங்கிவிட்டது என்று தொலைபேசியில் அழுதார். வீக்கம் உண்டா, ஊன்றி நடக்க முடிகிறதா என்று கேட்டுக்கொண்டு, ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். நிறுத்த வேண்டாம் என்றேன். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. அவ்வளவு படிகளுக்கு அவருடைய தசை அன்று தயாராக இல்லை, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் வலி இரண்டுக்கு வந்தது. வலி கூடுவதும் மூட்டு சேதமடைவதும் ஒன்றல்ல என்பதை என் விளக்கங்கள் எதுவும் உணர்த்தாத அளவுக்கு அந்த ஐந்து நாட்கள் அவருக்கு உணர்த்தின. ஏழாம் வாரம் வந்தபோது முட்டி உறையைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார்.

பதினான்கு வார முடிவில்

பதினொன்றாம் வாரத்தில் 5 கி.மீ.யை நிற்காமல் ஓடினார். டிசம்பர் ஓட்டத்தில் 10 கி.மீ.க்குக் கொடுத்த பெயரை 5 கி.மீ.க்கு மாற்றிக்கொள்ளச் சொன்னது நான். அவருக்கு வருத்தம் இருந்தது, ஆனாலும் மாற்றிக்கொண்டார். 42 நிமிடத்தில் முடித்தார். பதினான்காம் வாரச் சோதனையில் வலக்காலால் நாற்காலியிலிருந்து 11 முறையும் இடக்காலால் 13 முறையும் எழுந்தார். வலது குதிகாலை 22 முறை உயர்த்தினார். பாதி உட்கார்ந்து எழும்போது வலி ஒன்று. ஒற்றைக் காலில் இறங்கும்போது தொடை உள்நோக்கிச் சாய்வது முழுவதும் மறையவில்லை. வலி இல்லாதவரை அதைத் திருத்த நான் முயலவுமில்லை. ஜனவரியில் எடுத்த பரிசோதனையில் சர்க்கரைச் சராசரி 5.8.

இவருடைய தேறுதலில் காலத்துக்கும் பங்குண்டு. வலி தொடங்கிய ஐந்தாம் வாரத்திலேயே வந்துவிட்டார். பல மாதங்கள் தைலத்தோடும் அச்சத்தோடும் கழித்துவிட்டு வருபவர்கள் தேறுவதற்கு இதைவிட நீண்ட காலம் ஆகிறது. சிலருக்கு இந்த வலி ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போகிறது.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு ரேஸ்கோர்ஸை நான்கு சுற்று ஓடி 10 கி.மீ.யை நிறைவு செய்தார். ஆண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வந்த வாரத்தில் வலி மீண்டும் நான்கு வரை ஏறியிருக்கிறது. ஓட்டத்தைப் பாதியாக்கி, மேசைக்கு மாறி, ஆறு நாளில் தாமே தணித்துக்கொண்டார். எனக்கு அதைச் சொன்னது வலி போன பிறகுதான்.